நீளும் நொடிகள் – 14: மூலையில் விழுந்த இருட்டு

ஸ்டாப் கணக்கு போன வாரத்தோடு முடிந்தது. பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்ட்டர் ஒளியில் 1,024-இல் ஒரு பங்கைத்தான் விடும். 1/30 நொடி 34 நொடியாகும். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டுங்கள்.

இந்த வாரம் வேரியபிள் என்.டி. என்று சொல்லியிருந்தேன். அதற்குள் வாசகர் ஒருவரின் பாம்பன் படம் வந்துவிட்டது. 16 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேம், பத்து ஸ்டாப் ஃபில்ட்டர். அலையெல்லாம் அடங்கிக் கடல் வழவழவென்று கிடக்கிறது. பாலத்துக்கு வெளிச்சம் கச்சிதம். நான்கு மூலைகளில் மட்டும் அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. “ஃபில்ட்டர் வளையம் மறைக்குதா சார்?” என்று கேட்கிறார். வளையம் மறைத்தால் கறுப்பு வெட்டினாற்போல் தெரியும். இது மெல்ல மெல்லக் கறுக்கிறது. வளையத்தின் மேல் பழி போடாதீர்கள்; வேலையைக் காட்டுவது கண்ணாடி.

படத்தின் நடுவுக்கு வரும் ஒளி கண்ணாடியை நேராகக் கடக்கிறது. 16 மி.மீ.யில் மூலைக்குப் போகும் ஒளியோ 53 டிகிரி சாய்ந்து நுழைகிறது. உள்ளே சற்று வளைந்தாலும், கடக்கும் தூரம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடிவிடும். சாயம் ஏறிய கண்ணாடியில் தூரம் கூடினால் ஸ்டாப்பும் அதே விகிதத்தில் கூடும். நடுவில் பத்து ஸ்டாப், மூலையில் பன்னிரண்டை நெருங்கும்! 50 மி.மீ. லென்ஸில் இந்த வித்தியாசம் அரை ஸ்டாப்பைக்கூடத் தொடாது. மூன்று ஸ்டாப் ஃபில்ட்டர் என்றால் 16 மி.மீ.யிலும் அரை ஸ்டாப்போடு போய்விடும். ஐந்தும் ஐந்துமாக அடுக்கினால் தப்பலாமா? முடியாது, கூட்டுத்தொகை அதேதான்.

இந்த விதியைக் கண்டவர் பியேர் பூகேர். பிரான்சின் லெ குரோசிக் துறைமுகத்துக்காரர். அப்பா இறந்ததும், பதினைந்து வயதில் அவர் பார்த்த நீர்வரைவியல் பேராசிரியர் வேலைக்கு வந்தவர். 1725-இல் நிலவு தாழ நிற்கும்போதும் உயர நிற்கும்போதும் அதன் ஒளியை மெழுகுவத்தி வெளிச்சத்தோடு ஒப்பிட்டு, நடுவிலுள்ள காற்று எவ்வளவை விழுங்குகிறது என்று அளந்தார். 1729-இல் புத்தகமே போட்டார். லாம்பெர்ட் எழுதியது 1760-இல், பீர் 1852-இல். பாடப்புத்தகத்தில் பெரும்பாலும் அந்த இருவர் பெயர்தான்! எனக்கு இது ஆறவே இல்லை. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சியில் நிற்கும் சூரியனுடையதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அதனால்தான் அதைக் கண்கூசாமல் பார்க்க முடிகிறது. பாம்பன் படத்தின் மூலையிலும் நடந்தது இதே கதை.

சரி, என்ன செய்வது? மென்பொருளில் மூலையை வெளுக்கலாம், புள்ளி புள்ளியாக நாய்ஸ் எழும். லென்ஸ் புரொஃபைலுக்கு ஃபில்ட்டர் மாட்டியிருப்பது தெரியாது. என்னைக் கேட்டால், பத்து ஸ்டாப்போடு 24 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், கேனன் 11–24 போல் பின்பக்கம் ஜெலட்டின் ஃபில்ட்டர் செருக இடமுள்ள லென்ஸாகப் பாருங்கள். அங்கே வரும்போது ஒளியின் சாய்வு குறைந்திருக்கும்.

வேரியபிள் என்.டி. அடுத்த வாரம், நிச்சயம். அதற்குள் வெள்ளைச் சுவர் ஒன்றை ஒரே அப்பர்ச்சரில் ஃபில்ட்டர் இல்லாமல் ஒருமுறை, போட்டு ஒருமுறை எடுத்து அனுப்புங்கள். லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.