பருவநிலைக்கேற்ற மோட்டார் சைக்கிள் ரைடிங் பேண்ட்

மோட்டார் சைக்கிள் ரைடிங் பேண்ட் என்பது இருசக்கர வாகனம் ஓட்டுபவர் கீழே விழுந்து சாலையில் உரசிச் செல்லும்போது தோலையும், மோதலின்போது முழங்கால், இடுப்பு எலும்பு ஆகியவற்றையும் காக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட கால்சட்டை ஆகும். துணியின் வகை, தையலின் வலிமை, உள்ளே பொருத்தப்படும் காப்புப் பட்டைகள் ஆகிய மூன்றிலும் இது சாதாரணக் கால்சட்டையிலிருந்து வேறுபடுகிறது.

இந்தியாவில் தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். ரைடிங் பேண்டுக்கு அத்தகைய கட்டாயம் ஏதுமில்லை. எனவே அணிவதும் விடுவதும் ஓட்டுபவரின் விருப்பம். அந்த விருப்பத்தைப் பெரும்பாலும் வானிலைதான் முடிவு செய்கிறது. மே மாத வெயிலில் புழுங்குகிறது என்றோ, மழையில் ஊறிக் கனக்கிறது என்றோ வீட்டில் விட்டுச் செல்லப்படும் பேண்ட் எவ்வளவு உயர்ந்த தரம் கொண்டதாயினும் பயனில்லை. ஆகவே பருவத்துக்குப் பொருந்துவது என்பது வசதி சார்ந்த கேள்வி மட்டுமன்று, பாதுகாப்பு சார்ந்த கேள்வியும் ஆகும்.

காப்புத் தரம்

பருவத்தைப் பார்ப்பதற்கு முன் பேண்ட் தன் அடிப்படை வேலையைச் செய்யுமா என்று பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் உடல் உரசும்போது துணி இரண்டு வகையில் தோற்கிறது: இழைகள் அறுந்து ஓட்டை விழுவது ஒன்று, உராய்வு வெப்பத்தில் உருகுவது மற்றொன்று. சாதாரண ஜீன்ஸ் துணி மிக விரைவில் தேய்ந்துவிடும். நைலான் 6,6 இழை உராய்வை நன்கு தாங்கும். ஆனால் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். கெவ்லர் போன்ற அராமிட் இழைகள் உருகுவதில்லை, மிக உயர்ந்த வெப்பத்தில் சிதைவடைகின்றன. இதனால்தான் பல ரைடிங் ஜீன்ஸ்களின் உட்புறத்தில், முழங்கால், இடுப்பு, பின்புறம் ஆகிய இடங்களில் மஞ்சள் நிற அராமிட் துணி தைக்கப்பட்டிருக்கும்.

ஐரோப்பாவில் 2020 முதல் நடைமுறையில் உள்ள ஈஎன் 17092 தரநிலை, ரைடிங் உடைகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஏஏஏ மிக உயர்ந்தது, அடுத்தது ஏஏ, அதற்கடுத்தது ஏ. பி வகுப்பில் உராய்வுத் தாங்குதிறன் ஏ வகுப்புக்கு நிகராக இருக்கும், ஆனால் மோதல் காப்புப் பட்டைகள் இருக்காது. சி வகுப்பு என்பது காப்புப் பட்டைகளைத் தாங்கி நிற்கும் உள்ளாடை வகை. அதைத் தனியாக அணிந்து சாலையில் செல்லக் கூடாது. ஏ வகுப்புப் பேண்டில் முழங்கால் காப்பு கட்டாயம், இடுப்புக் காப்பு கட்டாயமில்லை. ஏஏ வகுப்பிலிருந்துதான் இரண்டும் கட்டாயமாகின்றன.

காப்புப் பட்டைக்குத் தனித் தரநிலை உண்டு. அது ஈஎன் 1621-1. சோதனையில் 50 ஜூல் ஆற்றலுடன் ஒரு எடை பட்டையின்மீது விழும். மறுபக்கம் கடத்தப்படும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் அது முதல் நிலை. 20 கிலோநியூட்டனுக்கு மிகாவிட்டால் இரண்டாம் நிலை. இங்கே வாங்குபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உள்ளது. கடையில் "சிஇ சான்று பெற்றது" என்று சொல்லி விற்கப்படும் பல பேண்டுகளில் அந்தச் சான்று உள்ளேயிருக்கும் பட்டைக்கு உரியது. பேண்டின் துணிக்கோ தையலுக்கோ உரியதன்று. பேண்டின் உட்புறத் தையலில் உள்ள சீட்டில் ஈஎன் 17092 என்ற எண்ணும் வகுப்பின் எழுத்தும் இருந்தால் மட்டுமே உடை முழுவதும் சோதிக்கப்பட்டது என்று பொருள்.

பருவநிலைக்கு நேரடித் தொடர்புள்ள குறிப்பும் பட்டையிலேயே இருக்கிறது. இன்றைய மென்மையான காப்புப் பட்டைகள் பல, வெப்பத்தில் இளகியும் குளிரில் இறுகியும் தன்மை மாறுபவை. 40 டிகிரி வெப்பத்திலும் சோதித்துத் தேறிய பட்டையில் "டி பிளஸ்" என்றும், மைனஸ் 10 டிகிரியில் தேறியதில் "டி மைனஸ்" என்றும் குறியிடப்படும். இச்சோதனைகள் விருப்பத் தேர்வு என்பதால் எல்லாப் பட்டைகளிலும் இக்குறி இருக்காது. கோடையில் நெடுந்தூரம் செல்பவர் டி பிளஸ் குறியைத் தேடுவது பயனுள்ளது.

கோடை

கோடைக்கு மெஷ் எனப்படும் வலைத்துணிப் பேண்டுகள் ஏற்றவை. வண்டி ஓடும்போது காற்று வலைவழியே புகுந்து வியர்வையை ஆவியாக்குகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் நீங்குகிறது. உடல் குளிர்வதற்கு இதுவே முதன்மையான வழி.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிராக இருக்கும்வரை, வீசும் காற்று நேரடியாகவே உடலைக் குளிர்விக்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ காற்று 40 டிகிரியைத் தாண்டும்போது நிலைமை தலைகீழாகிறது: வேகமாக மோதும் காற்று உடலுக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது, வியர்வை மட்டுமே அதை ஈடுகட்டுகிறது. வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் ஓட்டுபவர் தாம் நீரிழப்பதை உணர்வதில்லை. அத்தகைய நாளில் முழுவதும் வலையாக உள்ள பேண்டைவிட, காற்றுத் துவாரங்களை ஜிப் கொண்டு ஓரளவு மூடித் திறக்கக்கூடிய பேண்ட் மேலானது. உள்ளே அணியும் இறுக்கமான உள்ளுடையை நிறுத்தும் இடங்களில் நனைத்துக்கொள்வதும் நல்ல பலன் தரும். சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நகரங்களில் கதை வேறு. அங்கே வியர்வை எளிதில் ஆவியாகாது என்பதால் கிடைக்கும் காற்று அனைத்தும் தேவை, திறந்த வலையே உகந்தது. நெரிசலில் சிக்னலில் நிற்கும்போது எந்தப் பேண்டும் குளிர்ச்சி தராது. எஞ்சின் சூடு கால்களில் அடிக்கும் அந்தச் சில நிமிடங்களை வைத்துப் பேண்டை மதிப்பிடுவது சரியன்று.

வலைத்துணியின் பலவீனம் அதன் ஓட்டைகளே. பெரிய ஓட்டைகள் கொண்ட மெல்லிய வலை சாலையில் உரசும்போது கிழியும். நல்ல கோடைப் பேண்டில் தொடையின் முன்புறத்திலும் கெண்டைக்காலிலும் மட்டும் வலை இருக்கும். முழங்கால், இடுப்பின் பக்கவாட்டு, பின்புறம் ஆகியவற்றில் அடர்த்தியான நெசவுத் துணி இருக்கும். கடையில் பேண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

உள்ளே பருத்தி உள்ளுடை அணிவதைத் தவிர்ப்பது நல்லது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நெடுநேரம் அமர்ந்திருப்பவருக்குத் தொடையிடுக்கில் உராய்வுப் புண் வருவதற்கு இது ஒரு பொதுவான காரணம். வியர்வையைக் கடத்திவிடும் செயற்கை இழை உள்ளுடை போதுமானது.

மழை

மழையிலிருந்து காத்துக்கொள்வதே ஓட்டுநர்களுக்கு மிகப் பழைய சிக்கல். செயற்கை இழைகள் பரவுவதற்கு முன் மெழுகு பூசிய பருத்தித் துணியே வழக்கில் இருந்தது. இங்கிலாந்தின் பார்பர் நிறுவனம் 1936-இல் போட்டி ஓட்டுநர்களுக்காக இத்தகைய உடையை உருவாக்கியது. 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், பாலிடெட்ராபுளூரோஎத்திலீன் என்ற பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டினால் நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறுவதைக் கண்டறிந்தார். அதிலிருந்து கோர்-டெக்ஸ் படலம் பிறந்தது. இப்படலத்தின் துளைகள் மழைத்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை. நீராவி வெளியேறும் அளவுக்குப் பெரியவை.

ரைடிங் பேண்டுகளில் இத்தகைய நீர்த்தடுப்புப் படலம் மூன்று விதங்களில் அமைகிறது. முதல் விதத்தில் படலம் வெளித்துணியுடன் ஒட்டப்பட்டிருக்கும். மழைநீர் மேற்பரப்பிலேயே வழிந்துவிடும், பேண்ட் ஊறாது. விலை மிக அதிகம். இரண்டாம் விதத்தில் படலம் உட்புறத்தில் நிலையாகத் தொங்கும். மூன்றாவது, ஜிப் அல்லது பொத்தானால் இணைத்துக் கழற்றக்கூடிய மழை லைனர். சந்தையில் நடுத்தர விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இந்த மூன்றாம் விதமே.

கழற்றக்கூடிய லைனர் கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றினாலும் பயன்பாட்டில் இரண்டு இடர்கள் உள்ளன. மழை தொடங்கியதும் சாலையோரத்தில் பேண்டைக் கழற்றித்தான் லைனரை மாட்ட முடியும். தேநீர்க் கடை வாசலில் நின்று இதைச் செய்வது எத்தனை பேரால் முடியும்? மேலும் லைனர் உள்ளே இருப்பதால் வெளித்துணி முழுவதும் ஊறும். ஊறிய துணி கனப்பதுடன், காற்றில் அந்நீர் ஆவியாகும்போது கால்களிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் குளிர வைக்கிறது. கால் நனையாது, ஆனால் நடுங்கும்.

இக்காரணங்களால் தென்னிந்திய மழைக்கு, வெளியே அணியும் தனி மழைக் கால்சட்டையே பொருத்தமானது. விலை குறைவு, ரைடிங் பேண்டின்மீதே மாட்டிக்கொள்ளலாம், மழை நின்றதும் கழற்றிப் பையில் வைக்கலாம். "மூச்சுவிடும்" படலத்துக்காகக் கூடுதலாகச் செலவிடுவதன் பயனும் இங்கே குறைவு. நீராவி, அதன் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் நகரும். குளிர்ந்த ஐரோப்பிய மழையில் பேண்டுக்கு உள்ளும் வெளியும் உள்ள வேறுபாடு பெரிது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடலோரத் தமிழகத்தில் வெளிக்காற்றே வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பதால் அந்த வேறுபாடு சிறுத்துவிடுகிறது. விலையுயர்ந்த படலத்துக்குள்ளும் கால் புழுங்கவே செய்யும்.

மழைக் கால்சட்டை வாங்கும்போது முதலில் தையல்களைப் பார்க்க வேண்டும். உட்புறத்தில் தையல்மீது நாடா ஒட்டப்படாவிட்டால் ஊசித் துளைகள்வழியே நீர் புகும். அதிலும் இருக்கையில் நீர் தேங்கி, உடல் எடையால் அழுத்தப்படும் இடுக்குத் தையலில்தான் முதல் கசிவு தோன்றும். அந்த இடத்தில் தையலே இல்லாதவாறு ஒரே துண்டுத் துணியால் வெட்டப்பட்ட மழைக் கால்சட்டைகளும் கிடைக்கின்றன; அவை நீடித்து உழைக்கும். கால் முனையிலிருந்து முழங்கால்வரை பக்கவாட்டில் திறக்கும் ஜிப் இருந்தால் ஷூவைக் கழற்றாமல் அணியலாம். முனையை ஷூவுக்குள் செருகாமல் வெளியே விட வேண்டும். செருகினால் வழியும் நீர் ஷூவுக்குள் இறங்கி நிரம்பும். அதே முனை தொளதொளப்பாக இருந்தால் சூடான சைலன்சரில் பட்டு உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை இறுக்கும் பட்டை இன்றியமையாதது.

குளிரும் மலைப்பாதையும்

சமவெளியில் மட்டும் ஓட்டும் தமிழ்நாட்டு ஓட்டுநருக்குக் குளிர்காலப் பேண்ட் தேவைப்படுவதில்லை. மலைப்பாதையில் நிலைமை வேறு. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறைகிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே உள்ளது. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் பயணத்தில் 12 டிகிரி அளவுக்கு வெப்பநிலை குறையக்கூடும். கீழே வியர்த்தவர் குன்னூர் தாண்டியதும் மூடுபனியில், அதே வியர்வை ஈரத்துடன் குளிரைச் சந்திக்கிறார். ஒரே நாளில் இரண்டு பருவங்கள்.

வேகமும் குளிரைக் கூட்டுகிறது. காற்று 5 டிகிரியாக உள்ள ஜனவரி அதிகாலையில் 60 கி.மீ. வேகத்தில் செல்பவரின் மூடப்படாத தோல், அமைதியான காற்றில் மைனஸ் 2 டிகிரியில் இழப்பதற்கு ஈடான வெப்பத்தை இழக்கிறது. விறைத்த காலால் பிரேக்கை மிதிப்பது தாமதமாகும், கொண்டை ஊசி வளைவில் கால் ஊன்றுவது தடுமாறும். இங்கே தேவை தடித்த பேண்ட் அன்று, காற்றுத் தடுப்பு. வலைப் பேண்டின்மீது மழைக் கால்சட்டையை அணிந்தாலே காற்று பெருமளவு தடுக்கப்படும். உள்ளே ஒரு வெப்ப உள்ளுடை சேர்த்தால் நீலகிரிக் குளிருக்குப் போதும். லடாக் போன்ற உயர்மலைப் பகுதிகளுக்கு இது போதாது. அங்கே வெப்ப லைனருடன் கூடிய நெசவுத்துணிப் பேண்ட் வேண்டும்.

ரைடிங் பேண்டுடன் சட்டையை இணைக்கும் ஜிப் பலராலும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது. விழும்போது சட்டை மேலேறி இடுப்பு வெளிப்படுவதைத் தடுப்பது அதன் முதல் வேலை. முதுகின் கீழ்ப்புறம் குளிர்காற்று புகாமல் அடைப்பது இரண்டாவது.

தோல் பேண்டும் ரைடிங் ஜீன்ஸும்

உராய்வைத் தாங்குவதில் தோலுக்கு நிகர் குறைவு. ஆனால் மழையில் ஊறினால் கனத்து, உலர நாட்களாகும். ஈரப்பதம் மிகுந்த வீடுகளில் பூஞ்சை பிடிக்கும். பந்தயத் தடத்துக்கு வெளியே இங்கு அது அரிதாகவே பயன்படுகிறது. ரைடிங் ஜீன்ஸ் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் சென்றுவர ஏற்றது, அணிந்துகொண்டே வேலையும் பார்க்கலாம். அதில் பருத்தி கலந்திருப்பதால் மழையில் ஊறும், மெதுவாகவே உலரும்.

அளவு பார்த்தல்

மேற்கூறிய அனைத்தையும் சரியாகத் தேர்ந்து, அளவில் தவறுபவர்கள் பலர். முழங்கால் காப்பு நிற்கும்போது அன்று, வண்டியில் அமரும்போது முழங்கால் சில்லின்மீது பொருந்த வேண்டும். எனவே நிற்கும்போது பேண்ட் சற்று நீளமாகத் தோன்றுவது இயல்பு. கடையில் வண்டிமேல் அமர்ந்தோ, நாற்காலியில் முழங்காலை மடக்கியோ பார்க்காமல் வாங்கக் கூடாது. கையால் தள்ளினால் பட்டை பக்கவாட்டில் சுழன்று நகருமானால், விழும்போதும் அது அவ்வாறே விலகிவிடும். குளிர் லைனரைக் கணக்கில் கொண்டு ஒரு அளவு பெரிதாக வாங்குபவர்களுக்குக் கோடையில் லைனரைக் கழற்றியதும் இச்சிக்கல் வருகிறது. லைனர் இல்லாமலே இறுக்கமாகப் பொருந்தும் பேண்டை வாங்கி, குளிருக்கும் மழைக்கும் வேண்டியதை வெளியே அடுக்குவதே இதற்குத் தீர்வு. செலவும் இதில் குறைவு.

பராமரிப்பு

துவைக்கும் முன் காப்புப் பட்டைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். மீண்டும் வைக்கும்போது இட வலம் மாறாமலும், குழிந்த பக்கம் உடலைப் பார்க்கும்படியும் வைக்க வேண்டும். துணி மென்மையாக்கும் திரவம் நீர்த்தடுப்புப் பூச்சைக் கெடுக்கும். மழைநீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் பரவத் தொடங்கினால் பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். கடைகளில் கிடைக்கும் தெளிப்பான் கொண்டு அதைப் புதுப்பிக்கலாம். ஒருமுறை சாலையில் உரசிய பேண்டின் தையல்கள் வெளியே சேதமின்றித் தெரிந்தாலும் உள்ளே இழை அறுந்திருக்கக்கூடும் என்பதால், உட்புறத்தைத் திருப்பிப் பார்த்த பின்னரே அதை மீண்டும் அணிய வேண்டும்.