தறிச்சத்தத்துக்கு அடியில் கேட்பவை: கோடைக்குச் சில இசைத்தட்டுகள்

சென்னிமலையில் மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளியே போறவங்க ரெண்டே பேர்தான்: மலைக்கு வேண்டுதல் வெச்சவங்க, கூலிக்குப் பாவு தூக்கறவங்க. மத்தவங்க எல்லாரும் வீட்டுக்குள்ளே ஃபேனுக்கு அடியில்தான். நானும் அப்பாவும் அப்படித்தான் போன கோடையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது நடந்த ஒரு சின்ன விஷயத்தால்தான் இந்தக் குறிப்பு.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோனுக்குள் நின்று பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. இன்றைக்கு அவருக்குப் பாட்டுப் போட்டால், "என்ன கண்ணு பாடுறான், ஒண்ணும் வெளங்கலியே" என்பார். சத்தத்தைக் கூட்டினால் "கத்தாதே" என்பார்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களுக்குக் காது மொத்தமாக மங்குவதில்லை. முதலில் அடிபடுவது 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. பேச்சில் 'ச', 'த', 'க' எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவதற்கு இந்த உயர்ந்த அதிர்வெண்கள் ரொம்ப முக்கியம். அவை போய்விட்டால் பாடுகிறவர் வாயில் துணி வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். ஆனால் கீழ்ப்பகுதி பெரும்பாலும் தப்பித்துவிடும். பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதிர்வது வெறும் 41 ஹெர்ட்ஸில். அப்பாவுக்கு வரிகள்தான் போய்விட்டன, பாஸ் போகவில்லை.

இது புரிந்ததும், வரிகளை நம்பாத இசையாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தேன். ஃபங்க் இசையில் பாஸ்தான் கதாநாயகன். தாளத்தின் முதல் அடியில் அழுத்தம் கொடுத்து, மற்ற எல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வரும். சைக்கடெலிக், எலெக்ட்ரானிக் வகைகளிலும் பெரும்பாலும் வார்த்தை இரண்டாம்பட்சம்தான். இவை எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்திருந்தேன். தேடத் தேட, பாதிக்கு மேல் நம்ம நாட்டிலேயே கிடந்தது.

முதலில் நான் போட்டது சரண்ஜித் சிங். பம்பாய்ப் படங்களுக்குக் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982-இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஓர் இசைத்தட்டு பதிவு செய்தார். அவரிடம் இருந்தவை ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள்: டிஆர்-808 என்ற தாளப்பெட்டி, ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 என்ற சின்ன பாஸ் பெட்டி. அந்த 303-ஐத் தனியாக வாசிக்கிற கிட்டார்காரர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்தார்கள். நிஜ பாஸ் மாதிரி ஒலிக்காததால் விற்கவில்லை, 1984-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வெட்டாமல் வழுக்கிக்கொண்டு போகச் சொல்லலாம். நம்ம ஊர்க் காதுக்கு அது கமகத்துக்குத் தூரத்துச் சொந்தம். சிங் அதை வைத்துப் பத்து ராகங்களை வாசித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1987-இல் சிகாகோவில் அதே பெட்டியைத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு வகையே பிறந்தது. 2010-இல் இந்தத் தட்டு மறுபதிப்பு வந்தபோதுதான் வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். (அவர்தான் ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. சிகாகோ பசங்கள் இந்தத் தட்டைக் கேட்டு ஆரம்பித்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அவர் செய்ததே போதுமான அளவு பெரிய காரியம்.)

கேட்கிறவர்களுக்கு ஒரு வழி: ராகப் பெயர்களைப் பார்த்து மிரளாதீங்க. பூபாலி என்றால் நம்ம மோகனம், மால்கௌன்ஸ் ஹிந்தோளம், யமன் கல்யாணி. பூபாலியைக் கேட்ட கையோடு 'அக்னி நட்சத்திரம்' (1988) படத்தின் 'நின்னுக்கோரி வரணம்' பாட்டைப் போடுங்க. அதுவும் மோகனம்தான், அதிலும் இயந்திரத் தாளந்தான். வட்டத்தட்டு சுழன்று நம்ம வீட்டு வாசலுக்கே வந்துவிடும்.

அப்பா பூபாலியைக் கேட்டுவிட்டு, "இது நல்லா ஓடுற தறியாட்டம் இருக்குது" என்றார். சும்மா சொல்லவில்லை. சாதாத் தறி நிமிஷத்துக்கு 100-லிருந்து 150 தடவை நாடாவை அடிக்கும். டிஸ்கோத் தாளம் 120-ஐ ஒட்டி நடக்கிறது. அவர் காதைக் கெடுத்த வேகமும் அதுதான், அவர் காலைத் தாளம் போட வைத்த வேகமும் அதுதான்.

இளையராஜாவை இந்தப் பட்டியலில் சேர்த்தால், "அவரு என்னங்க அறியாத ஆளா?" என்று கேட்பீங்க. பாட்டு அறிந்ததுதான். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வருகிற இடையிசையை எத்தனை பேர் தனியாகக் கேட்டிருக்கிறோம்? 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) படத்தின் 'நினைவோ ஒரு பறவை' பாட்டைக் குரலை விட்டுவிட்டு, பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப் பாருங்க. அது வேறொரு பாட்டு. 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985) பக்திப் படம், ரஜினிக்கு நூறாவது. அதற்குள் 'உனக்கும் எனக்கும்' என்ற பாட்டில் அவ்வளவு ஃபங்க் இருக்கிறது. 2003-இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு அதை எடுத்துத் தங்கள் 'எலிஃபங்க் தீம்'-இல் வைத்துக்கொண்டது. ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனம் அவருடைய 1977–83 காலப் பாட்டுகளைப் பொறுக்கி 'சொல்லச் சொல்ல' என்று ஒரு தொகுப்பே போட்டிருக்கிறது. நம்ம பேருந்தில் ஓடின பாட்டுகளை அவர்கள் 'எலெக்ட்ரானிக் பாப்' என்கிறார்கள். பெயர் புதுசு, சரக்கு நம்மதுதான்.

மற்றவை சுருக்கமாக. ஆனந்த சங்கர், ரவிசங்கரின் அண்ணன் மகன். 1970-இல் சிதாரையும் மூக் சிந்தசைசரையும் ஒன்றாக உட்காரவைத்தவர். அந்த முதல் தட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, சுற்றுலாப் பயணிக்குப் போட்ட தோசை மாதிரி. 1975-இன் 'ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்' வேறு ரகம். அதில் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா', 'டான்சிங் டிரம்ஸ்' இரண்டும் உச்சிவெயிலுக்கு. சாயங்காலத்துக்கு ரூபா பிஸ்வாஸின் 'டிஸ்கோ ஜாஸ்'. 1982-இல் கனடாவின் கால்கரியில் பதிவானது, சரோத் ஆஷிஷ் கான். 'ஆஜ் ஷொனிபார்' என்றால் இன்று சனிக்கிழமை. சனிக்கிழமை கூலி வாங்கின ஊருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ராத்திரி கரண்ட் போய் மொட்டைமாடியில் படுக்கும்போது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பழைய நாடாக்கள். 1969-இல் டேவிட் டியூடர் அங்கே ஒரு மூக் கருவியை நிறுவினார். கீதா சாராபாய், அதுல் தேசாய் போன்றவர்கள் 1972 வரை அதில் செய்த சோதனைகள் 2023-இல்தான் தொகுப்பாக வந்தன. பாட்டு என்று எதிர்பார்க்காதீங்க. தண்ணி வராத குழாய் முணுமுணுக்கிற மாதிரிகூட இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. ஃபோனில் கேட்காதீங்க. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் பேச்சே கிடையாது. இந்த இசையின் பாதி அங்கேதான் இருக்கிறது. இயர்ஃபோனில் என்றால் சத்தத்தைக் குறைச்சு வையுங்க. 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பான அளவு என்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். தறிக்குடோனில் யாரும் இதை அப்பாவிடம் சொன்னதில்லை.

நான் ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கரைத் தரையில் வைத்திருக்கிறேன். அப்பா அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்பார். 'நினைவோ ஒரு பறவை' முடிந்ததும், "இந்தக் கீழ்க்கம்பி வாசிச்சவன் யாரு?" என்றார். வீட்டில் இருந்த கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தேன். இசை, பாடியவர்கள், பாட்டெழுதியவர் பெயர்கள் இருந்தன. வாசித்தவர்கள் யாருமே இல்லை. ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பாஸ் வாசித்தவர் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல் என்று சொன்னேன். அப்பா மூன்று பெயரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். மெதுவாக, உதட்டைப் பார்த்துக்கொண்டு. அப்புறம் பேனா கேட்டு, கேசட் அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்தார்.