ஃபைட்டர் மீனின் வால் அழுகினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வண்ண மீன் கடைக்குள் நுழையும் குழந்தையின் கை முதலில் நீள்வது பெரும்பாலும் ஃபைட்டர் மீனை நோக்கித்தான். பெட்டா என்றும் அழைக்கப்படும் இந்த மீன், நீலமும் சிவப்புமாகத் துடுப்புகளை விரித்து நின்றால் தொட்டியில் வேறு மீனே தேவையில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் பலரும் காண்பது வேறு காட்சி. துடுப்பின் ஓரம் நைகிறது, கறுக்கிறது, வால் நாளுக்கு நாள் குட்டையாகிறது. பதறிப்போய்க் கடையில் ஒரு நீல மருந்தை வாங்கிச் சில சொட்டு விடுகிறார்கள். மீன் தேறுவதில்லை. 'இந்த மீன் இவ்வளவு நாள்தான் இருக்கும்' என்று யாரோ சொல்ல, அதை நம்பிவிடுகிறார்கள்.

அது உண்மையல்ல. நன்றாகப் பராமரித்தால் பெட்டா இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வாழும். துடுப்பு அழுகல், தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் நோய். ஆனால் அது தண்ணீரில் தொடங்கும் நோய் என்பதால், சிகிச்சையும் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

அழகான துடுப்பே பலவீனமான இடம்

பெட்டாவின் தாயகம் தாய்லாந்தும் அதை ஒட்டிய நாடுகளும். நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் ஓட்டம் குறைந்த வாய்க்கால்களிலும் வாழும் மீன் இது. தாய்லாந்து அரசு 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அங்கே இயற்கையில் வாழும் பெட்டாவின் துடுப்புகள் குட்டையானவை. நாம் கடையில் பார்க்கும் நீண்ட துடுப்புகள், மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் வந்தவை.

குடைக்குக் கம்பியும் துணியும் போலத்தான் துடுப்புக்கு முள்ளும் சவ்வும். முட்களுக்கு இடையே உள்ள சவ்வு மிக மெல்லியது. நீளம் கூடக்கூட அது எளிதில் கிழியும், ஓரங்களில் எளிதில் தொற்றும் ஏறும். ஆறுதலான செய்தி, மீன்களுக்குத் துடுப்பைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் உண்டு. துடுப்பின் அடிப்பகுதி சேதமடையாமல் இருந்தால் போதும், இழந்தது பெருமளவு திரும்ப வளர்ந்துவிடும்.

கிழிசலா, அழுகலா, கடியா?

மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் காரணமும் சிகிச்சையும் வெவ்வேறு. எனவே எதையும் தண்ணீரில் போடும் முன் மீனை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் கைபேசி வெளிச்சம் காட்டி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த நாட்களில் ஒப்பிட உதவும்.

கிழிசல் திடீரென்று வரும். நேற்று முழுதாக இருந்த துடுப்பில் இன்று நேர்க்கோடாக ஒரு பிளவு இருக்கும். ஓரத்தின் நிறம் மாறியிருக்காது, மீனும் வழக்கம்போலச் சாப்பிடும். கூரான பிளாஸ்டிக் செடி, கரடுமுரடான கல், சொரசொரப்பான பொம்மை, வேகமாக உறிஞ்சும் ஃபில்டர் ஆகியவையே வழக்கமான காரணங்கள். தொட்டியில் வைக்கும் பொருளின் மேல் ஒரு பழைய நைலான் துணியை இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் துடுப்பும் சிக்கும்.

கடி என்பது மீன் தன் வாலைத் தானே கடித்துக்கொள்வது. ஓர் இரவுக்குள் ஒரு துண்டு பிறைவடிவில் காணாமல் போயிருக்கும். அரைவட்டமாக விரியும் வாலுள்ள ஹாஃப்மூன் வகைகளில் இது அதிகம். துடுப்பின் பாரம், நீரின் வேகமான ஓட்டம், கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, இடநெருக்கடி போன்றவை மீனை இதற்குத் தூண்டும். கூட வேறு மீன்கள் இருந்தால் அவையும் கடித்திருக்கலாம். டைகர் பார்ப் போன்ற மீன்களுக்குத் துடுப்பைக் கடிப்பதே வேலை.

அழுகல் மெல்ல முன்னேறும். ஓரம் சீரற்று நைந்து, கறுப்பு, பழுப்பு, வெள்ளை அல்லது சிவப்பு நிறம் ஏறும். சில நாட்களில் சவ்வு கரைந்து முட்கள் மட்டும் நூல்போல் நீட்டிக்கொண்டிருக்கும். மீன் துடுப்பை விரிக்காமல் ஒடுக்கி வைத்துக்கொள்ளும், நிறம் மங்கும், உணவில் நாட்டம் குறையும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ், ஃப்ளேவோபாக்டீரியம் ஆகிய பாக்டீரியாக்களே இதில் அதிகம் காணப்படுபவை. சில நேரங்களில் புண்ணான இடத்தில் பஞ்சுபோன்ற வெள்ளைப் பூஞ்சையும் பிடிக்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கிழிசலும் கடியும் அழுகல் அல்ல. ஆனால் அழுக்குத் தண்ணீரில் இரண்டுமே அழுகலாக மாறும்.

நோயின் வேர் தண்ணீரில்

மேலே சொன்ன பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து படையெடுத்து வருபவை அல்ல. எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருப்பவை. மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலமும் அதன் எதிர்ப்பு சக்தியும் வலுவாக இருக்கும்வரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காவலை உடைப்பது பெரும்பாலும் அம்மோனியா.

மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நன்கு பழகிய ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்த நல்ல பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஃபில்டரே இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். அது செவுளையும் தோலையும் துடுப்பையும் அரிக்கும்.

இங்கேதான் பெட்டாவைப் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை குறுக்கே வருகிறது. பெட்டாவின் தலைக்குள் லேபிரிந்த் என்னும் ஓர் உறுப்பு உண்டு. அதன் உதவியால் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். 'ஃபைட்டர் மீனுக்குச் சின்ன பாட்டில் போதும், ஃபில்டர் வேண்டாம்' என்று சொல்வது இதனால்தான். ஆனால் அந்த உறுப்பு ஆக்சிஜன் குறைவைத்தான் ஈடுகட்டும். அம்மோனியாவிலிருந்து காப்பாற்றாது. பாட்டிலில் பெட்டா உயிரோடு இருப்பது, அது நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

நம் ஊர்ச் சூழலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சு கூடும். பிஹெச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவிலான அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகிறது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, பிஹெச் கூடியது. அதோடு கோடை வெப்பமும் சேர்ந்தால், குளிர்ந்த ஊரில் மீன் தாங்கும் அளவு அழுக்கை இங்கே தாங்காது.

முதல் மருந்து: சுத்தமான தண்ணீர்

அழுகல் எனத் தெரிந்தால், முடிந்தால் மீனை ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அடியில் கல்லோ மணலோ வேண்டாம். ஒளிந்துகொள்ள மழமழப்பான ஒரு பொருளும், மேலே மூடியும் போதும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே சுவாசிக்கக் காற்றுவெளி இருக்கட்டும். அங்கே பழகிய ஃபில்டர் இல்லையென்றால் தினமும் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மீனைப் பழைய தொட்டியிலேயே வைத்திருந்தால், முதல் வாரம் தினமும் நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை மாற்றுங்கள். அடியில் தேங்கிய கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. மாநகராட்சித் தண்ணீரில் உள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கும். ஆன்டி குளோரின் சொட்டைக் குறிப்பிட்ட அளவில் சேருங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். அந்த வாளியைச் சோப்புப் படாமல் மீனுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் மீனுக்கு வேண்டிய தாது உப்புகள் இருக்காது. அதை மட்டும் தனியாகப் பயன்படுத்த வேண்டாம்.

புதுத் தண்ணீரும் பழைய தண்ணீரும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். பெட்டாவுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் ஹீட்டர் கட்டாயம். சமவெளியிலும் மார்கழி இரவுகளிலும் ஏசி அறைகளிலும் நீர் குளிர்ந்துவிடும். ஒரு சிறிய தெர்மாமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்கும்.

வெறும் கிழிசலும் கடியும் இந்தச் சுத்தமான தண்ணீரிலேயே ஆறிவிடும். காரணமான பொருளை எடுத்துவிடுவதும், கூட இருக்கும் மீனைப் பிரிப்பதும் போதும். மருந்து வேண்டாம்.

உப்பு: அளவோடு, சில நாட்களுக்கு

ஓரம் மட்டும் நைந்த தொடக்கநிலை அழுகலுக்கு உப்பு நல்ல துணை. வேறு எதுவும் சேர்க்காத கல் உப்பு வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம் என்று தொடங்கலாம். பத்து லிட்டருக்குப் பத்து கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. முன்னேற்றம் இல்லையென்றால் ஒரு நாள் கழித்து லிட்டருக்கு இரண்டு கிராம் வரை உயர்த்தலாம். உப்பை ஒரு குவளைத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, மெல்ல மெல்ல ஊற்றுங்கள். மீனின் மேல் நேரடியாகக் கொட்டாதீர்கள்.

பலர் தவறுவது ஒரு கணக்கில். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே நீர் மாற்றும்போது வெளியே எடுத்த அளவுக்கு மட்டுமே புதிதாக உப்புச் சேர்க்க வேண்டும். பெட்டா நன்னீர் மீன். பத்து நாட்களுக்கு மேல் உப்புநீரில் வைக்கக் கூடாது. செடிகளும் நத்தைகளும் உப்பைத் தாங்காது என்பதால் இந்தச் சிகிச்சையைத் தனித் தொட்டியில் செய்வதே நல்லது.

நம் தெருவில் கிடைக்கும் பாதாம் இலை

தமிழ்நாட்டுத் தெருக்களில் நிழலுக்காக வளர்க்கும் நாட்டுப் பாதாம் மரத்தின் காய்ந்த இலையை உலகெங்கும் பெட்டா வளர்ப்பவர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இலையிலிருந்து இறங்கும் டானின் நீரைத் தேநீர் நிறமாக்கும், பிஹெச் அளவைச் சற்றே குறைக்கும், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் ஓரளவு கட்டுப்படுத்தும். தானாக உதிர்ந்து பழுப்பாகக் காய்ந்த இலையாகப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த மரமும், வாகனப் புகை படியும் சாலையோர மரமும் வேண்டாம். நன்கு கழுவி, பத்து லிட்டருக்கு ஓர் இலைவீதம் போட்டால் போதும். பாதாம் இலை மீனுக்கு இதம் தரும், ஆனால் முற்றிய அழுகலை அது தனியாகக் குணப்படுத்தாது.

மருந்து எப்போது?

நான்கைந்து நாள் சுத்தமான தண்ணீருக்கும் உப்புக்கும் பிறகும் அழுகல் முன்னேறினாலோ, ஓரிரு நாளிலேயே வேகமாகப் பரவினாலோ, துடுப்பில் இரத்தக் கோடுகள் தெரிந்தாலோ, உடலை நெருங்கினாலோ மருந்து தேவை.

கடைகளில் நீல மருந்து என்று கொடுக்கப்படுவது மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு அது பயன்படும். ஆழமான பாக்டீரியா அழுகலுக்குப் போதாது. ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் அது கொன்றுவிடும் என்பதால் முதன்மைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

துடுப்பு அழுகலை உண்டாக்குபவை பெரும்பாலும் கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள். அவற்றுக்கேற்ற ஆன்டிபயாட்டிக்கைத் தேர்வு செய்ய வேண்டும். வீட்டில் மிஞ்சிய டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் ஆபத்தானது. தவறான மருந்தும் அரைகுறை அளவும் கிருமிகளை மருந்துக்கு அடங்காதவையாக மாற்றும். அந்த நீர் கடைசியில் நம் சாக்கடைக்கும் ஏரிக்கும்தான் போகிறது. மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ, தூத்துக்குடி, பொன்னேரி போன்ற இடங்களில் உள்ள மீன்வளக் கல்லூரிகளிலோ ஆலோசனை கேளுங்கள். மருந்து போடும்போது ஃபில்டரில் உள்ள கரித்தூளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலக்காதீர்கள். நன்றாகத் தெரிகிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

தேறுகிறதா என்று அறிவது எப்படி?

முதல் நல்ல அறிகுறி, அழுகல் அதே இடத்தில் நின்றுவிடுவது. அடுத்து, ஓரத்தில் கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய சவ்வு தோன்றும். அது புதிய வளர்ச்சி. அதைப் பூஞ்சை என்று எண்ணி மீண்டும் மருந்து ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. பூஞ்சை பஞ்சுபோல் துருத்திக்கொண்டு நிற்கும், புதிய சவ்வு துடுப்போடு சேர்ந்து படிந்திருக்கும்.

சிறு கிழிசல் ஓரிரு வாரத்தில் சேரும். பாதி வால் போயிருந்தால் திரும்ப வளர மாதங்கள் ஆகலாம். புதிதாக வளர்ந்த பகுதியின் நிறமும் வடிவமும் சற்று மாறியிருக்கலாம், அதனால் மீனுக்குக் கேடில்லை. அழுகல் துடுப்பின் அடிவரை போய்விட்டால் அந்த இடத்தில் மீண்டும் வளராமலும் போகலாம். சீக்கிரம் கவனிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வராமல் காக்க

ஒரு பெட்டாவுக்கு இருபது லிட்டர் தொட்டி நல்ல அளவு. மெதுவாக இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதற்குப் போதும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்கினால் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். மலிவான டெஸ்ட் கிட் ஒன்று வைத்திருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூச்சியமாக இருக்க வேண்டும்.

தீனி, காலையும் மாலையும் இரண்டு மூன்று பெல்லட் போதும். மிஞ்சியதை உடனே எடுத்துவிடுங்கள். சாக்கடைகளில் பிடிக்கப்படும் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழு நோயைச் சுமந்து வரக்கூடும், தவிர்ப்பது நல்லது. இரண்டு ஆண் பெட்டாக்களை ஒரே தொட்டியில் விடவே கூடாது.

உங்கள் கைகளையும் பாருங்கள்

மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் கிருமி மீன்தொட்டி நீரிலிருந்து மனிதத் தோலுக்குப் பரவக்கூடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். கையில் ஆறாத கட்டியோ புண்ணோ வந்தால், வீட்டில் மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த நோய்க்கான செலவில் பெரும்பகுதியும், மீன் படும் வேதனை முழுவதும், மீன் வாங்கும் முன்பே தவிர்க்கக்கூடியவை. அடுத்த முறை குழந்தை ஃபைட்டர் மீன் கேட்டால், அன்று தொட்டியையும் ஃபில்டரையும் மட்டும் வாங்குங்கள். தண்ணீரைத் தயார் செய்யுங்கள், அம்மோனியா பூச்சியம் என்று உறுதி செய்யுங்கள். மீன் அதற்குப் பிறகு வரட்டும்.