ஏற்றுமதிச் சரக்கும் விற்பனை வரியும்

மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே காயலில் அமைந்துள்ளது வெலிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி இயற்கை தந்த நிலமன்று. 1920ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில், கப்பல் வழிக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய நிலம் அது. கொச்சித் துறைமுகமும் சுங்க அலுவலகமும் கொச்சித் தேயிலை வணிகச் சங்கமும் இத்தீவில்தான் இருக்கின்றன. நீலகிரியிலும் ஆனைமலையிலும் தமிழ்த் தொழிலாளர் கொய்த கொழுந்து, தேயிலையாகிப் பெட்டிகளில் அடைபட்டு இங்கு வந்து சேர்கிறது. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம் நடந்து வருகிறது.

ஏலத்தில் விற்ற தேயிலை கப்பலேறி வெளிநாடு செல்கிறது என்று கொள்வோம். அந்த விற்பனைக்கு மாநில அரசாங்கம் வரி விதிக்கலாமா? எளிய வினாவாகத் தோன்றும் இதற்கு விடை காண, நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் கால் நூற்றாண்டு உழைக்க வேண்டியிருந்தது.

1950ஆம் ஆண்டு சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நமது அரசியல் சட்டம், 286ஆவது பிரிவில் ஒரு வரம்பை வகுத்தது. ஏற்றுமதியின் போக்கில் நிகழும் விற்பனைக்கு எந்த மாநிலமும் வரி விதித்தல் ஆகாது என்பதே அது. இதற்குக் காரணங்கள் இரண்டு. துறைமுகம் எல்லா மாநிலங்களுக்கும் இல்லை. கடற்கரை மாநிலம் தன் வாயில் வழியே செல்லும் சரக்குக்கெல்லாம் வரி வாங்குமானால், உள்நாட்டு மாநிலத்து விளைபொருள் அந்தச் சுமையைத் தாங்க நேரும். அன்றியும், வெளிநாட்டு வணிகர் நமது தேயிலையின் விலையை இலங்கைத் தேயிலையின் விலையோடு ஒப்பிட்டே வாங்குவர். கூடுதல் வரியை அவர் தர மறுத்தால், அது விளைவித்தவரின் வருவாயிலிருந்தே கழியும்.

நோக்கம் தெளிவாகத்தான் இருந்தது. ‘ஏற்றுமதியின் போக்கில்’ என்ற சொற்றொடரே இடர் விளைத்தது. அந்தப் போக்கு எவ்விடத்தில் தொடங்குகிறது? கப்பல் தளத்திலா, கிடங்கிலா, ஏல மண்டபத்திலா, அன்றித் தோட்டத்திலேயா?

முதல் விடை 1952இல் கிடைத்தது. திருவிதாங்கூர்-கொச்சி அரசாங்கத்துக்கும் பம்பாய் கம்பெனிக்கும் இடையே எழுந்த வழக்கில், தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார் தலைமையிலான உச்சநீதி மன்றம், வெளிநாட்டு வணிகருடன் செய்துகொண்ட விற்பனையே ஏற்றுமதிக்குக் காரணமாயின் அதற்கு வரி இல்லை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டில், கொல்லத்து முந்திரிப் பருப்பு ஆலைகளின் வழக்கு வந்தது. ஏற்றுமதி செய்யும் எண்ணத்துடன் உள்நாட்டுச் சந்தையில் வாங்குவது மட்டும் போதாது. அக்கொள்முதல் ஏற்றுமதிக்கு முற்பட்ட ஒரு தனி நிகழ்ச்சி என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

இவ்விரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே அகப்பட்டது தேயிலை ஏலம். பென் கார்ம் நீலகிரி பிளாண்டேஷன்ஸ் என்ற கம்பெனியின் தேயிலை, கொச்சியில் தரகர் வாயிலாக ஏலம் போயிற்று. வெளிநாட்டு வணிகர்களுக்காக வாங்கும் உள்ளூர் முகவர்கள் அதை எடுத்து ஏற்றுமதி செய்தனர். தேயிலை வெளிநாட்டுக்கே போகிறது என்பதை விற்றவரும் அறிவார், வாங்கியவரும் அறிவார் என்று கம்பெனி வாதித்தது. 1964இல் உச்சநீதி மன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. அறிந்திருப்பது வேறு, கட்டுப்பட்டிருப்பது வேறு. ஏலத்தோடு விற்றவரின் வேலை முடிந்துவிடுகிறது. விற்பனையையும் ஏற்றுமதியையும் பிரிக்கவொண்ணாது பிணைக்கும் கட்டு அங்கு இல்லை. ஆகவே வரி உண்டு என்று முடிவாயிற்று.

மாநில அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதி செய்வேன் என்று வாயால் சொன்னால் போதும் என்றாகிவிட்டால், வரி ஏய்ப்புக்குக் கதவு திறந்துவிடும். ஆயினும் இடர் யாருக்கு நேர்ந்தது என்பதை நோக்க வேண்டும். தானே வெளிநாட்டுடன் ஒப்பந்தம் செய்யவல்ல பெரிய நிறுவனத்துக்கு வரி இல்லை. ஏற்றுமதியாளர் ஒருவரை இடையில் வைத்து விற்பவருக்கு வரி உண்டு. ஒரே தேயிலை, ஒரே கப்பல். விற்ற முறை மட்டுமே வேறு.

இந்த வேற்றுமையைப் பாராளுமன்றம் 1976இல் நீக்கிற்று. மத்திய விற்பனை வரிச் சட்டத்தின் 5ஆவது பிரிவில் ஒரு புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஏற்றுமதிக்கு நேர் முற்பட்ட கடைசி விற்பனையும் ஏற்றுமதியின் போக்கிலேயே நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் என்றது அது. ஆனால் வெளிநாட்டு ஆணை முன்னதாக வந்திருக்க வேண்டும். அதை நிறைவேற்றுவதற்காகவே அந்தச் சரக்கு வாங்கப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய சரக்கே அனுப்பப்பட வேண்டும். முதலில் ஏலத்தில் எடுத்துவிட்டுப் பிறகு வெளிநாட்டில் ஆள் தேடியவருக்குச் சலுகை இல்லை. வாயால் சொல்லும் எண்ணத்தை விடுத்து, தேதியிட்ட ஆணையைச் சட்டம் அடையாளமாகக் கொண்டது.

2017 சூலை முதல் நாளில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், தேயிலை போன்ற சரக்குகளுக்குப் பழைய விற்பனை வரி மறைந்தது. வரி இப்போது நுகரும் மாநிலத்தைச் சேர்கிறது. வழியில் உள்ள துறைமுக மாநிலம் உரிமை கொண்டாட இடமில்லை. ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூச்சியம். எனினும் ஏற்றுமதிக்கு முற்பட்ட உள்நாட்டு விற்பனைக்கு முதலில் வரி செலுத்தி, ஏற்றுமதி செய்தபின் அதைத் திரும்பப் பெறுவதே பொதுவான முறை. திரும்பி வரும் வரை சிறு வணிகரின் முதல் முடங்கிக் கிடக்கும். இக்குறையைத் தணிப்பதற்காகவே 2017 அக்டோபரில், சரக்கை வாங்கி ஏற்றுமதி செய்யும் வணிகருக்கு 0.1 சதவீத வரியில் விற்கலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. 90 நாள்களுக்குள் சரக்கை ஏற்றுமதி செய்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

பிற மாநிலங்களில் வணிகம் புரியும் தமிழ் நேயர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கருத்தில் கொள்வது நலம். வரியைக் கணக்கிடுவோர் சரக்கின் மணத்தையோ விற்பவரின் உள்ளத்தையோ பார்ப்பதில்லை. ஆணை எந்த நாளில் வந்தது, பட்டியல் எந்த நாளில் எழுதப்பட்டது என்பதையே பார்க்கின்றனர். வெலிங்டன் தீவுக் கிடங்கில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு பெட்டிகளுள் ஒன்று வரிக்கு உட்பட்டதும் மற்றொன்று விலக்குப் பெற்றதும் இவ்வகைத் தாள்களால்தான். ஆகவே அவற்றை நாள் தவறாது எழுதி, ஒழுங்காகப் பேணி வருதல் வணிகருக்கு ஊதியம் போன்றதே.