காவல் நாய்க்குத் தோலில் வரும் புண்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் புதுச்சத்திரம் வட்டாரத்தைக் கடந்து செல்வோர் நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும் பயிராகும் காடுகளைக் காணலாம். அவற்றிடையே நீண்ட கோழிப் பண்ணைக் கொட்டகைகளையும் காணலாம். இப்பக்கத்துக் குடியானவர்களில் பலர் ஊருக்குள் வசிப்பதில்லை. தத்தம் தோட்டத்திலேயே வீடோ சாளையோ அமைத்துக்கொண்டு வாழ்கின்றனர். இரவு நேரத்தில் ஆட்டுப்பட்டிக்கும், களத்தில் குவித்த விளைபொருளுக்கும், வாசலில் உறங்கும் முதியோருக்கும் காவல் ஒரு நாயே. மாட்டுக்குத் தீனி குறைந்தால் அன்றே கவலைப்படும் நாம், நாயின் உடம்பில் புண் தோன்றினால் அது முதுகெங்கும் பரவும்வரை பொருட்படுத்துவதில்லை.

பரவிய பின்னர் நடப்பது என்ன? மோட்டாரிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஒருவர் பூசுகிறார். பருத்திக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீந்ததை நீரில் கலந்து மற்றொருவர் ஊற்றுகிறார். இன்னொருவர் நாயைச் சாக்கில் கட்டி நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டு வருகிறார். இம்மூன்றும் தவறு. தோற்புண்களில் பெரும்பாலானவை குணப்படுத்தக் கூடியவை. ஆனால் எல்லாப் புண்ணும் ஒரே வியாதியன்று. ஆகையால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை. புண் உடம்பில் எந்த இடத்தில் தொடங்கிற்று, அரிப்பு உண்டா, வீட்டிலுள்ள பிறருக்கும் அரிக்கிறதா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால், வியாதி இன்னதென ஓரளவு ஊகிக்க முடியும்.

முதலில் சொறியை எடுத்துக்கொள்வோம். காது மடலின் விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் குதி மூட்டு, அடிவயிறு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, மேலே பொருக்குத் தட்டும். நாய் இரவும் பகலும் சொறிந்துகொண்டே இருக்கும். உறக்கமும் தீனியும் குறைந்து மெலியும். இதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணி. பெண் உண்ணி தோலினுள் வளை தோண்டி அங்கேயே முட்டையிடுகிறது. முட்டை பொரிந்து, வளர்ந்து, மறுபடியும் முட்டையிடும் நிலையை அடைய ஏறக்குறைய மூன்று வாரமாகும். ஒருமுறை மருந்திட்டு அரிப்புத் தணிந்ததும் நிறுத்திவிட்டால், அடுத்த மாதம் சொறி மீண்டும் வருவதன் காரணம் இதுவே. மனிதர்க்கு வரும் சிரங்குக்கு இத்தகைய உண்ணியே காரணம் என்பதை 1687-ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டில் பொனோமோ, செஸ்தோனி என்னும் இருவர் கண்டு எழுதினர். எனினும் மருத்துவ உலகம் அதை ஒப்புக்கொள்ள நெடுங்காலமாயிற்று.

சொறியை ஐயுறுவதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. கையுறை அணிந்து, நாயின் காது மடல் விளிம்பை மடித்து விரல்களுக்கிடையே மெல்லத் தேய்க்க வேண்டும். உடனே அந்தப் பக்கத்துப் பின்னங்கால் சொறிவது போல் ஆடினால், சொறி என்று பெரிதும் எண்ணலாம். கால்நடை மருத்துவர் புண்ணின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்து நுண்பெருக்கியில் பார்ப்பார். அதில் உண்ணி தென்படாமற் போவதும் உண்டு. அதனாலேயே சொறி இல்லை என்று தீர்மானிக்கலாகாது. நாயைத் தூக்கி விளையாடும் குழந்தைகளின் முன்கையிலும் வயிற்றிலும் சிறு சிவப்புப் பருக்கள் தோன்றி அரித்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். நாயின் உண்ணி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகுவதில்லை. நாய்க்குக் குணமானால் பெரும்பாலும் மனிதருக்கும் தானே அடங்கும். ஆனால் ஒரு தோட்டத்தில் மூன்று நாய்கள் இருந்தால் மூன்றுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை செய்தாக வேண்டும். படுக்கும் சாக்கைக் கொளுத்திவிட்டுப் புதிதாக இடுவது நன்று.

சொறியைப் போலவே தோன்றி, அதற்கு நேர்மாறான குணமுடைய மற்றொரு நோயும் உண்டு. மயிர்க்கால்களின் உள்ளே வசிக்கும் நீண்ட உடலுடைய வேறொரு சிற்றுண்ணி இதற்குக் காரணம். பால் குடிக்கும் முதற் சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு இது வருகிறது. ஏறக்குறைய எல்லா நாயிடமும் சிறிதளவு உண்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும்போதே பெருகும். கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்னங்காலிலும் மயிர் உதிரும். தொடக்கத்தில் அரிப்பு அதிகமிராது. பிற நாய்க்கோ மனிதருக்கோ இது தொற்றுவதில்லை. குட்டிகளுக்கு ஓரிரு சிறு திட்டு மட்டும் இருந்தால் பல சமயம் தானே ஆறிவிடும். உடம்பெங்கும் பரவினால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க நேரும். அரிப்பை உடனே அடக்கும் ஊசி என்று கேட்டு ஸ்டீராய்டு மருந்தை வாங்கிப் போட்டால், இந்நோய் பன்மடங்கு பெருகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வட்டமாக மயிர் உதிர்ந்து ஓரத்தில் சாம்பல் போன்ற செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது காளான் இனத்தைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு எளிதில் ஒட்டும். வால் அடியிலும் தொடையின் பின்புறத்திலும் மட்டும் நாய் கடித்துக் கடித்துப் புண்ணாக்கினால், தெள்ளுப்பூச்சியைத் தேட வேண்டும். மயிரைச் சீப்பால் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்தால், அது செந்நிறமாகக் கரையும். தெள்ளுப்பூச்சி உறிஞ்சிய இரத்தத்தின் கழிவே அது. காதினுள்ளும் விரலிடுக்கிலும் தங்கும் பெரிய உண்ணிகள் சுவர் வெடிப்புகளில் ஏறி முட்டையிடுவன. நாயைக் கழுவி, கொட்டகைச் சுவரை விட்டுவிட்டால் பயனில்லை. உண்ணி பிடித்த நாய் காய்ச்சலுற்று, மூக்கில் இரத்தம் வடிந்தால், அது தோல் நோயன்று. உண்ணியால் பரவும் இரத்த நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இப்பக்கத்தில் நாயைக் கொல்லும் புண் பெரும்பாலும் மேற்கூறியவற்றில் ஒன்றன்று, புழுப்புண்ணே. சண்டையிலோ முள்ளிலோ பட்ட சிறு காயத்தின் விளிம்பில் ஈ முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் அவை பொரிந்து, புழுக்கள் தசையைத் தின்றுகொண்டே உள்ளே செல்கின்றன. வெளியில் காசளவு துளையாகத் தெரிவது உள்ளே உள்ளங்கை அளவு குழியாக இருக்கும். துர்நாற்றமும், நாய் ஒரே இடத்தை ஓயாது நக்குவதும் முதல் அறிகுறிகள். காதினுள்ளும் வாலடியிலும் மயிர் மறைப்பதால் நாற்றம் வந்த பிறகே பலர் அறிகின்றனர். கற்பூரம் கலந்த டர்பென்டைன் எண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் துளையில் வைத்தால் புழுக்கள் வெளிவரும். இது பழைய வழக்கம், இன்றும் மருத்துவர்கள் கையாள்வதுண்டு. ஆனால் கண்ணருகிலும் காதினுள்ளும் இதை இடலாகாது. வெளிவந்த புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, உப்பு நீரால் கழுவ வேண்டும். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீருக்குச் சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போதும். பின்பு போவிடோன் அயோடின் இட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் திறந்து பார்க்க வேண்டும். ஒரே புழு உள்ளே தங்கினும் குழி ஆறாது. குழி ஆழமாயின் வீட்டு வைத்தியத்தோடு நில்லாமல் மருந்தகத்துக்குக் கொண்டுபோவதே முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. புண், வேறொரு நாய் கடித்த புண்ணா என்று முதலில் விசாரிக்க வேண்டும். வெறிநோய்க் கிருமி உமிழ்நீரில் இருப்பது. கடிபட்ட நாயின் காயத்தை வெறுங்கையால் தொட்டு, நம் கையில் கீறல் இருந்தால், நோய் நம்மை அடையக் கூடும். நோய்க்குறி தோன்றிய பின்னர் மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகையால் ரப்பர்க் கையுறை அணிவதும், நாயின் வாயைத் துணிப் பட்டையால் சிறிது நேரம் கட்டிக்கொள்வதும் அவசியம். கடித்தாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ, 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துகளைப் பற்றி. முன்னாளில் காமாக்ஸீன் என்னும் பி.எச்.ஸி. தூளை நாய்க்குத் தூவினர்; அது 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்றைய பயிர் மருந்துகளும் நாய்க்கு ஏற்றவையல்ல. தோல் வழியாகவும் நக்குவதாலும் உடம்பினுள் சென்று, வாயில் நுரை, நடுக்கம், மூச்சுத்திணறல் உண்டாக்கும். கழிவு எண்ணெயும் அவ்வாறே நச்சு. புண்ணின்மேல் படலமாக நின்று சீழை உள்ளே அடைத்துவிடும். ஒருமுறை ஒரு நாய், பூசிய எண்ணெயை நக்கியே இறந்ததை நான் கண்டிருக்கிறேன். சொறியோ அதற்கு முழங்கை அளவில்தான் இருந்தது.

ஐவர்மெக்டின் என்னும் மருந்து நற்பயன் தருவது. அதன் கண்டுபிடிப்புக்காக ஒமுரா, கேம்பல் இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆயினும் ஆட்டுக்கு வாங்கிய ஊசிமருந்தைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவது ஆபத்து. சிறு நாய்க்கு ஒரு துளி மிகுந்தாலும் அளவு பல மடங்காகிவிடும். காலி இனமும் அதன் கலப்புகளும் இம்மருந்தைத் தாங்கா. உண்ணிக்கும் சொறிக்கும் இப்போது மாத்திரைகளும் வந்துள்ளன. எதைக் கொடுப்பதாயினும் நாயை எடை போட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவிலேயே கொடுக்க வேண்டும். புண்ணில் சீழ் இருந்தால் அதற்குத் தனி மருந்து வேண்டும்; அதைப் பாதியில் நிறுத்தலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்விஷயத்தில் செய்யத்தக்கன சில உண்டு. சொறி நாய் என்று மக்கள் முறையிட்டால், விஷம் வைக்க ஆள் தேடுவது குற்றமாகும். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதைத் தண்டிக்கிறது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் கடமையை 2023-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளாட்சி மன்றங்களிடமே ஒப்படைத்துள்ளன. கால்நடை முகாம் நடக்கும் நாளில், ஆடு மாடுகளோடு தோட்டத்து நாய்களையும் கயிற்றில் கட்டிக் கொண்டுவருமாறு முன்கூட்டியே தண்டோராவோ ஒலிபெருக்கியோ மூலம் அறிவிக்கலாம். பண்ணையாளர்கள் இறந்த கோழிகளை வெளியில் எறியாது ஆழக் குழியிலிட்டு மூடினால், ஈயும் குறையும், நாய்கள் கூடிச் சண்டையிட்டுக் காயம் படுவதும் குறையும்.

இவ்வட்டாரத்தாருக்கு ஒரு வசதியும் உண்டு. நாமக்கல்லில் 1985-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் தொலைவிலில்லை. உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் தீராத புண்ணை அங்குக் காட்டலாம். நாயை நகர்த்த முடியாத நிலையில் 1962 என்னும் எண்ணில் அழைத்து நடமாடும் மருத்துவ வாகனத்துக்குச் சொல்லலாம். அழைக்கும்போது புண் எந்த இடத்தில், எத்தனை நாளாக, அரிப்பு உண்டா, வேறு நாய் கடித்ததா, வீட்டில் எவருக்கேனும் அரிப்பு உண்டா, இதுவரை என்ன பூசினீர்கள் என்பவற்றைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். பூசியது கழிவு எண்ணெயாயினும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.