பெயிண்ட்டில் வரையலாம் வார்லி அறுவடை நடனம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் விண்டோஸுடன் வரும் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து, நாலு கோணல் கோடு இழுத்துவிட்டு, "நமக்கு ஓவியம் வராது" என்று மூடிவிடுகிறார்கள். மவுஸைப் பென்சில் போல விரல்களால் நுணுக்கமாகத் திருப்ப முடியாது என்பதுதான் இதற்குக் காரணம். எனவே கோணல் கோடும் அழகாகத் தெரியும் ஓவியம் ஒன்றில் பழகுவது நல்லது. நான் பழகியது வார்லி சுவர் ஓவியத்தில்.

வார்லி மக்கள் மகாராஷ்டிராவில் மும்பைக்கு வடக்கே, தகானு போன்ற பகுதிகளில் வாழும் பழங்குடியினர். காவி நிற மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் வெள்ளையாக வரைவார்கள். மூங்கில் குச்சியின் நுனியை மென்று நைத்ததுதான் பிரஷ். இக்கலையை வெளியுலகுக்குக் கொண்டுசென்ற ஜிவ்யா சோமா மாஷே 2011இல் பத்மஸ்ரீ பெற்றார்; 2018இல் காலமானார். அறுவடைக் காலத்தில் ஆடும் தார்ப்பா நடனம் இந்த ஓவியங்களில் அடிக்கடி வரும். சுரைக்குடுக்கை பொருத்திய தார்ப்பா என்ற ஊதுகருவியை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கைகோத்து அவரைச் சுற்றிச் சுருள் வடிவில் ஆடுவார்கள். வட்டம், முக்கோணம், கோடு இவ்வளவுதான் தேவை. மூன்றும் பெயிண்ட்டில் இருக்கின்றன.

சுவர் தயாரித்தல்

ரீசைஸ் பகுதியில் பிக்சல்ஸைத் தேர்ந்தெடுத்து அகலம் 1200, உயரம் 800 என அமையுங்கள். கலர் 2 பெட்டியைக் கிளிக் செய்து, எடிட் கலர்ஸில் ரெட் 130, கிரீன் 60, புளூ 35 கொடுத்தால் காவி நிறம் கிடைக்கும். ஃபில் டூலை எடுத்துப் பக்கத்தில் ரைட் கிளிக் செய்யுங்கள். சுவர் தயார். கலர் 1 வெள்ளையாக இருக்கட்டும். எரேசர் கலர் 2 நிறத்தில்தான் அழிக்கும் என்பதால், அழித்த இடம் மீண்டும் சுவராகிவிடும்.

ஆளை வரைதல்

ஷேப்ஸில் முக்கோணம் ஒன்று வரையுங்கள். அதை செலக்ட் செய்து, காப்பி, பேஸ்ட் செய்து, ஃபிளிப் வெர்டிகல் கொடுங்கள். தலைகீழானதை மேலே வைத்து இரண்டின் கூர்முனைகளும் தொடும்படி பொருத்தினால் உடல். ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஓவல் வரைந்தால் சரியான வட்டம் வரும். அதுதான் தலை. ஃபில் டூலால் வெள்ளை நிரப்புங்கள். கோட்டில் சிறு இடைவெளி இருந்தாலும் நிறம் சுவர் முழுக்கப் பரவிவிடும். கன்ட்ரோல், இசட் அழுத்தி மீட்டு, இடைவெளியை அடைத்துவிட்டு நிரப்புங்கள்.

நடனம்

நடுவில் தார்ப்பா வாசிப்பவர். அவரைச் சுற்றி ஆட்களைச் சுருளாக அமைக்க வேண்டும். செலக்ட் மெனுவில் டிரான்ஸ்பரன்ட் செலக்ஷனை டிக் செய்துகொண்டால், காப்பி செய்த ஆளைச் சுற்றியுள்ள காவிக் கட்டம் பக்கத்து ஆளை மறைக்காது.

ஒரே ஆளை முழுதாக வரைந்து முப்பது முறை பேஸ்ட் செய்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது அணிவகுப்பு போல இருக்கும், ஆட்டம் தெரியாது. நான் கண்டுகொண்ட வழி இது: தலையையும் உடலையும் மட்டும் காப்பி செய்யுங்கள். சிலரை ஸ்கியூ வசதியில் 10 முதல் 20 டிகிரி வரை சாயுங்கள். கை, கால்களை ஒவ்வொருவருக்கும் மவுஸால் தனியே வரையுங்கள். ஒருவர் முழங்கால் மடியும், அடுத்தவர் பாதம் தூக்கும். கோடு நடுங்கினாலும் பரவாயில்லை. குச்சியால் வரைந்த கோடும் அப்படித்தான் இருக்கும். முப்பது பேருக்குக் கை, கால் போட்டு முடிக்கும்போது மவுஸ் உங்கள் சொல் கேட்கத் தொடங்கியிருக்கும். என் கைக்குப் பயிற்சி கிடைத்தது இந்த இடத்தில்தான்.

சேவ் செய்தல்

படத்தைப் பிஎன்ஜி வடிவில் சேவ் செய்யுங்கள். ஜேபெக் வடிவில் மெல்லிய வெள்ளைக் கோடுகளைச் சுற்றி அழுக்குப் போலப் புள்ளிகள் விழும். பிறகு ஃபில் டூலும் சரியாக நிரப்பாது. வேலையின் நடுவிலும் அடிக்கடி சேவ் செய்துகொள்ளுங்கள். மின்சாரம் போனால் முப்பது பேரின் ஆட்டமும் போய்விடும்!