ரிவர்ஸ் லைட்டில் வெளிச்சம் போதவில்லையா?

கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பொருத்தும் முன், எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட் தரும், கார்டுக்கு ஏற்ற ஸ்லாட் போர்டில் உள்ளதா என்று பார்க்கிறோம். காரின் பின்புற விளக்கிலும் இதே கணக்குதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மஞ்சள் வயரில் இருப்பது 12 வோல்ட். கார் பேட்டரி தருவதும் 12 வோல்ட். எனவே கேபினட்டைத் திறந்து பார்க்கும் துணிச்சல் வந்துவிட்டவர்கள், ரிவர்ஸ் லைட்டைத் திறக்கத் தயங்க வேண்டியதில்லை.

சிறிய கார்களில் முன்னால் செல்ல இரண்டு ஹெட்லைட்கள் உள்ளன. பரவலாக உள்ள எச்4 வகை பல்ப், டிம் செய்த நிலையிலும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 லூமென் வெளிச்சம் தரும். பின்னால் எடுக்கும்போது கிடைப்பதோ 460 லூமென் தரும் 21 வாட் பல்ப். சில கார்களில் அதுவும் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். தெரு விளக்கு உள்ள நகரத்தில் இந்தக் குறை தெரியாது. சாத்தூர் பக்கத்துக் கரிசல் காட்டுப் பாதையில் இரவில் வண்டியைத் திருப்பும்போதுதான் தெரியும்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று சென்றவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. அர்ஜுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் இடையே உள்ள கோயில் அது. நடந்தும், வேனிலும், மாட்டு வண்டியிலும் வந்து இறங்கும் குடும்பங்கள் இரவு அங்கேயே தங்குகின்றன. கிடைத்த இடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைக்கின்றனர். இரவில் அங்கிருந்து காரை எடுப்பவருக்கு, வண்டிக்குப் பின்னால் இருப்பது வெறும் மணலா, போர்வையா என்பது தெரிந்தாக வேண்டும்.

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல. அமெரிக்காவில் 2002-ல் இரவு நேரத்தில் ஒரு தந்தை தன் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, இரண்டு வயது மகன் கேமரன் கல்பிரான்சன் அதில் சிக்கி இறந்தான். அந்தச் சிறுவனின் பெயரில் 2008-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் விளைவாக, 2018 மே மாதம் முதல் அங்கு புதிய கார்கள் அனைத்திலும் பின்புற கேமரா கட்டாயமானது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் சென்சார் பம்பர் உயரத்தில் பொருத்தப்படுவது. தரையோடு தரையாகப் படுத்திருப்பவரை அது உணராமல் போகலாம். அதற்கு முன் வந்த வண்டிகளில் அதுவும் இல்லை. மாருதி 800-ன் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டாலும் நம் ஊர்ச் சாலைகளில் அது இன்னமும் ஓடுகிறது. இது போன்ற பழைய கார்களில், கண்ணும் அந்த ஒரு பல்பும்தான் துணை.

சரி, பிரகாசமான பல்ப் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதுமா? போதாது. பல வண்டிகளில் பழைய பல்பே தன் முழு வெளிச்சத்தைத் தருவதில்லை. முதலில் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

இழை எரியும் சாதாரண பல்ப், வோல்டேஜ் விஷயத்தில் மிகவும் கோபக்காரர். 13.5 வோல்ட்டில் 460 லூமென் தரும் பல்புக்கு 12 வோல்ட் மட்டும் கிடைத்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 11 வோல்ட் என்றால் பாதிதான். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளிச்சம் குறைந்ததோ சரிபாதி! பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை வரும் வயரில் இத்தனை வோல்ட் எங்கே தொலைகிறது என்று கேட்கலாம். பெரும்பாலும் ஹோல்டரில்தான். கரிசல் புழுதி உள்ளே புகுந்திருக்கும். கோடை வெயிலில் விளக்கின் ரப்பர் கேஸ்கெட் இறுகி வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, பித்தளைக் காண்டாக்டில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். எர்த் வயர் இணையும் போல்ட்டில் துரு ஏறியிருக்கும்.

இதனை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கொண்டு அறியலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியரைப் போடவும். பல்ப் எரிந்து கொண்டிருக்கும்போதே, அதன் கனெக்டரின் இரண்டு வயர்களுக்கு இடையே உள்ள வோல்டேஜை அளக்கவும். பின்னர் பேட்டரியின் இரு முனைகளில் அளக்கவும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் கனெக்டரில் அளந்தால் பயனில்லை. கரண்ட் ஓடாதபோது மோசமான வயர் கூட முழு வோல்டேஜைக் காட்டி ஏமாற்றும்.

சாவியை ஆஃப் செய்துவிட்டு, காண்டாக்டையும் எர்த் போல்ட்டையும் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துச் சுத்தம் செய்யவும். கண்ணாடிப் பகுதியில் கறுப்பு படர்ந்த பல்பை அதே அளவிலான புது பல்பாக மாற்றிவிடலாம். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன்தான் அந்தக் கறுப்பு. விளக்கின் மூடி மங்கியிருந்தால் உட்புறத்தைச் சோப்பு நீரால் கழுவவும். வெளிப்புறத்துக்கு, பெயின்ட் கடைகளில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்ட் போதும். பின்புறக் கண்ணாடியையும் ஒரு முறை பாருங்கள். விதிப்படி அது குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டி, அது 35 சதவீதத்தை மட்டும் விடுகிறது என்றால், எத்தனை பிரகாசமான பல்ப் போட்டாலும் அதில் பாதியை நீங்களே மறைத்துக் கொள்கிறீர்கள். அந்த ஃபிலிமை உரிப்பது எந்த பல்பை விடவும் மலிவானது.

இவ்வளவும் செய்த பின்னும் போதவில்லை என்றால் பல்பை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். கழற்றிய பல்பின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். உருளையான பித்தளை அடிப்பாகமும் அடியில் ஒரே ஒரு ஈயப் புள்ளியும் இருந்தால் அது பி21டபிள்யூ. கடையில் "சிங்கிள் காண்டாக்ட்" என்று கேட்டால் தருவார்கள். இரண்டு புள்ளிகள் உள்ள "டபுள் காண்டாக்ட்" பிரேக் விளக்குக்கானது. இதில் மாற்றிப் போட முயல வேண்டாம். பித்தளையே இல்லாமல் கண்ணாடியே தட்டையாக முடிந்தால் அது வெட்ஜ் வகை. அவற்றில் டபிள்யூ16டபிள்யூ என்பது 310 லூமென்தான் தரும். சின்ன சாக்கெட்டில் பெரிய பல்ப் நுழையாது.

இந்த இடத்தில்தான் பலரும் கடைக்காரர் நீட்டும் 50 வாட் ஹாலஜன் பல்புக்கு ஆசைப்படுகின்றனர். கணக்கைப் பாருங்கள். 21 வாட் பல்ப் இரண்டு சேர்ந்து எடுப்பது சுமார் மூன்றரை ஆம்பியர். 50 வாட் இரண்டு போட்டால் எட்டு ஆம்பியருக்கு மேல். அந்தக் கரண்ட் முழுவதும் மெல்லிய வயர் வழியாகவும், கியர் பாக்ஸில் உள்ள சிறிய ரிவர்ஸ் ஸ்விட்ச் வழியாகவும் செல்ல வேண்டும். 250 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 300 வாட் கார்டைச் செருகுவதற்கு இது சமம். கம்ப்யூட்டராவது அணைந்து போகும். இங்கே பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் உருகும். வயரில் கரண்ட் கூடக் கூட வோல்டேஜ் இழப்பும் கூடுவதால், கொடுத்த காசுக்கு உரிய வெளிச்சமும் வராது.

எல்.இ.டி. பல்பில் இந்தச் சூட்டுத் தொல்லை குறைவு. ஆனால் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பல்ப் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று மீட்டரில் பார்க்கவும். 13 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் என்றால் மொத்தம் நான்கு வாட் கூட இல்லை. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்துக் கொண்டாலும் 400 லூமென் கிடைக்கும். பெட்டியில் "2000 லூமென்" என்று போட்டிருந்தால், அது வியாபாரியின் கற்பனை வளம். விரல் நுனியளவு பல்பில் 20 வாட் சூடு வெளியேற வழியுமில்லை. வாங்கும்போது ஐந்து நிமிடம் எரிய விட்டுப் பாருங்கள். நல்ல பல்ப் மங்காது.

அடுத்தது எல்.இ.டி. புள்ளிகள் எங்கே உள்ளன என்பது. விளக்கின் ரிஃப்ளெக்டர், பழைய பல்பின் இழை இருக்கும் இடத்திலிருந்து நான்கு பக்கமும் சிதறும் வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்பும்படி அமைக்கப்பட்டது. நுனியில் மட்டும் எல்.இ.டி. உள்ள பல்ப், ரிஃப்ளெக்டரைச் சும்மா விட்டுவிட்டு நேராக ஒரு வட்டம் மட்டும் காட்டும். சுற்றிலும் புள்ளிகள் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும். வெட்ஜ் வகையில் எரியவில்லை என்றால் திருப்பிச் செருகினால் எரியும்.

பளிச்சென்று இருக்கும் என்று நீல நிற பல்ப் வாங்க வேண்டாம். சாதாரண பல்பின் மேல் பூசிய நீலம், வெளிச்சத்தின் ஒரு பகுதியை வடிகட்டி எறிந்துவிடுகிறது. ரிவர்ஸ் லைட் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதியும் கூட. எல்.இ.டி. மாற்றுபவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. விளக்குக்கு அங்கீகாரம் தரப்படுவது அதற்குரிய பல்புடன் சேர்த்துத்தான். வாரண்டி உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மாற்றிய பின் வெளிச்சம் கூடியதா என்று கண்ணால் முடிவு செய்வது கடினம். நம் கண் தன்னைத்தானே சரி செய்து கொள்ளும். இங்கே கம்ப்யூட்டர் கை கொடுக்கும். இரவில் ஒரு சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, பழைய பல்புடன் ஒரு படமும், புதிய பல்புடன் ஒரு படமும் எடுக்கவும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அதுவும் கண்ணைப் போலவே சரி செய்துவிடும். மேனுவல் அல்லது ப்ரோ நிலையில் ஐ.எஸ்.ஓ., ஷட்டர் வேகம் இரண்டையும் ஒரே அளவில் நிறுத்தி எடுக்கவும். பின் கம்ப்யூட்டருக்கு மாற்றி, படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேப்பைத் திறந்தால் இந்த அளவுகள் காட்டப்படும். இரண்டு படங்களிலும் அவை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். மேலும், சுவரின் உயரப் பகுதியில் வெளிச்சம் கூடி, தரையில் கூடவில்லை என்றால் அந்த பல்ப் உங்களுக்குப் பயன்படாது. பின்னால் வருபவரின் கண்ணைத்தான் கூசச் செய்யும்.

ஒரு பக்கம் மட்டுமே ரிவர்ஸ் லைட் உள்ளவர்கள், பம்பருக்குக் கீழே தனியாக ஒரு விளக்கு பொருத்த விரும்பலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக் கொண்டு செய்யவும். அதற்குரிய மின்சாரத்தைப் பழைய வயரிலிருந்து எடுக்காமல் ரிலே வைத்துத் தர வேண்டும். ரிலேயின் 85, 86 முனைகளில் ரிவர்ஸ் வயரும் எர்த்தும், 30-ல் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-ல் புதிய விளக்கு. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு இது சிறிய வேலை. கேபினுக்குள் தனி ஸ்விட்ச் மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். முன்னே ஓடும் வண்டியின் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால், வண்டி தன்னை நோக்கி வருவதாகப் பின்னால் வருபவர் நினைத்துத் தடுமாறுவார்.

ரிவர்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கேமராவுக்கும் மின்சாரம் பெரும்பாலும் இதே பல்பின் வயரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. விலை குறைந்த எல்.இ.டி. போட்ட பின் திரையில் கோடுகள் ஓடினால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் பழைய பல்பை மாட்டிப் பாருங்கள். கோடுகள் மறைந்தால், மாற்ற வேண்டியது அந்த எல்.இ.டி.யைத்தான்.